பதினைந்து மதிப்பெண் கேட்டு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கேள்வி அமைப்பவர் யாரென்பது பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கே தெரியாமல் இருப்பதுதான் முறை. எனவே முகவரியில்லாத உங்களுக்கு இப்படிப் பொதுவில் எழுதுவதைத் தவிர வழியில்லை. கல்வி பற்றிய மடல்கள் வழக்கமாக முதலமைச்சருக்குப் போகும், துறைச் செயலாளருக்குப் போகும், மிஞ்சினால் பெற்றோருக்குப் போகும். உங்களுக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் மார்ச் மாதம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விதான் ஜூன் மாதம் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதை முடிவு செய்கிறது. பாடத்திட்டக் குழுவின் அறிக்கையைவிட, விழா மேடையில் தொடங்கிவைக்கப்படும் எந்தத் திட்டத்தையும்விட, நீங்கள் எழுதும் சில பக்கங்களுக்கு வலு அதிகம். நம் பள்ளிகள் இணைய காலத்துக்கு ஈடு கொடுத்திருக்கின்றனவா என்ற கேள்வியை உங்களிடம் கொண்டுவருவது அதனால்தான்.

கருவி வாங்குவதில் தமிழ்நாடு பின்தங்கியதில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு அச்சாகியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆறாயிரத்தை ஒட்டிய அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. கொரோனா காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடமே கைபேசிக்குள் குடிபோயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் தேர்வறையில் ஒரு மாணவி பிரித்துப் பார்க்கும் தாள், அவளுடைய அம்மா எழுதிய தாளின் சாயலிலேயே இருக்கிறது: வரையறு, காரணம் கூறு, வேறுபடுத்து, விவரி. பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண் 1,200 என்பது 600 ஆனது. 2017இல் மாநிலத் தரவரிசைப் பட்டியலும் ஒழிந்தது. இரண்டும் நல்ல காரியங்கள்தாம். விடை எங்கிருந்து வர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. பாடநூலில் உள்ள வாக்கியம் மனத்தில் ஏறி, மூன்று மணி நேரத்துக்குள் தாளில் இறங்க வேண்டும். உலகத்தில் எந்த வரையறையையும் எந்தக் காரணப் பட்டியலையும் ஒரு நொடியில் தேடி எடுக்கலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் நாம் அளந்து சான்றிதழ் கொடுப்பது பெரும்பாலும் அதே தேடி எடுக்கும் வேலையை, மனத்தால் செய்யும் திறனைத்தான்.

தேர்வில் இல்லாதது வகுப்பில் நடக்காது என்பதை நிறுவ நான் சிரமப்பட வேண்டியதில்லை, அரசே நிறுவியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பல தனியார் பள்ளிகளில் அந்த வகுப்புப் பாடநூல் பிரிக்கப்படாமலே கிடந்தது. இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே ஓடியது. இத்தகைய பள்ளிகளுக்குத்தான் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயர் விழுந்தது. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டது. நீக்கியது சரியா, தவறா என்பது தனி விவாதம். ஒரு முழுப் பாடநூலைத் திறக்க வைப்பதற்கே தேர்வு தேவைப்பட்டது என்றால், பக்க ஓரத்தில் இருக்கும் ஒரு க்யூஆர் குறியீட்டை யார் தேடிப் போவார்கள்? ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. க்யூஆர் குறியீட்டைப் பயன்படுத்தவில்லை என்று யாருக்கும் கடிதம் வந்ததாகத் தெரியவில்லை. உலக அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. பெரு நாட்டில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணக்கிலோ மொழியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பள்ளிகளில் கணினிக்காக நிறையச் செலவிட்ட நாடுகள் வாசிப்பிலும் கணக்கிலும் அதனால் மேம்பட்டதாகச் சொல்ல முடியவில்லை என்று 2015இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு) வெளியிட்ட அறிக்கையும் சொன்னது.

நம் ஊரில் நடந்தது இன்னும் விசித்திரம். பள்ளி இணையத்துக்கு ஏற்ப மாறவில்லை. இணையம் நம் தேர்வுக்கு ஏற்ப மாறிக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் யூடியூபில் பெரும்பாலும் தேடுவது என்ன? ‘முக்கிய வினாக்கள்’, ‘சென்டம் கேள்விகள்’, ‘ஒரே நாளில் பாஸ்’. டெலிகிராம் குழுக்களில் சுற்றுவது கைடுகளின் பிடிஎஃப், பழைய வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள். முன்பு கோனார் நோட்ஸும் கணக்குக்குக் கம் புக்கும் வாங்கக் கடைக்குப் போக வேண்டும். இப்போது போக வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மனித குலம் இதுவரை எழுதிய பெரும்பகுதியும் கைக்குள் வந்து நிற்கும்போது, அதை வைத்து நம் பிள்ளைகள் செய்துகொள்வது புக் பேக் கேள்விக்கு விடை எடுப்பது. அக மதிப்பீட்டுக்கான செயல்திட்டங்களின் கதையும் இப்படித்தான் முடிந்தது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஒட்டிய தாள்களுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய நம்மிடம், 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்து சேர்ந்தது. அதன் பிறகு வீட்டில் எழுதிவரும் எந்தக் கட்டுரையும் யாருடைய கட்டுரை என்று சொல்ல முடியாத நிலை. ஆகவே மாணவர் தனியாக உட்கார்ந்து, சொந்த அறிவை மட்டும் கொண்டு எழுதும் தேர்வறை முன்னைவிட முக்கியமாகிவிட்டது. தேர்வை ஒழிக்கச் சொல்லி இந்த மடல் வரவில்லை என்பது இப்போதே விளங்கியிருக்கும்.

தேர்வு கேட்கும் கேள்வியை மாற்றுவதில் ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கலாம். 2018 மே மாதத்தில், குழந்தை கடத்தல்காரர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அதே வாரத்தில் பழவேற்காட்டில் இன்னொருவர். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக எங்கெங்கோ எடுத்த காணொளிகளை ஒட்டிப் பரப்பியதில், திருப்பூர் போன்ற ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அதிகாரிகள் இங்கே வந்து பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் செய்திகளைப் பரப்பியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளியில் தேர்ச்சி பெற்றவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இது எங்கே எடுத்த படம், யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யாராவது சொல்கிறார்களா என்று நின்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு எந்த வகுப்பிலும் வாய்க்கவில்லை, எந்தத் தேர்வும் அதற்கு ஒரு மதிப்பெண்கூடத் தரவில்லை.

இந்தக் குறை இணையத்தோடு வந்ததும் இல்லை. பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பன்னாட்டு பிசா தேர்வில் 2010இல் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 இறுதியில் வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் நாம் கடைசி மூன்று இடங்களுக்குள். வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. ஓஇசிடி நாடுகளின் சராசரி 493. தொடர்ந்து கற்பதற்குக் குறைந்தபட்சம் தேவையென்று அந்தத் தேர்வு வகுத்த வாசிப்பு நிலையை எட்டியவர்கள் நம் மாணவர்களில் 17 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டுகளில் நம் பத்தாம் வகுப்பில் பத்துப் பேருக்கு எட்டுப் பேர் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? பிசா தாளில் கேள்வியோடு ஒரு பத்தி இருக்கும், ஒரு அட்டவணை இருக்கும், ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். மாணவர் அதை முன்பு பார்த்திருக்க மாட்டார். நம் தாளில் வருவதை அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ளாமல் விலகிக்கொண்டது. அந்தப் புகாரில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நம் சூழலுக்குப் பொருந்தும் கேள்விகளை நாமே அமைத்துப் பார்த்தோமா என்றால், அதையும் செய்யவில்லை.

கைபேசியோடு வளரும் தலைமுறைக்கு ஒரு செய்தியை நின்று சரிபார்க்கும் பழக்கம் தானே வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் வலைப்பக்கங்களைக் காட்டி, எதை அதிகம் நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பழைய சங்கம். மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவின் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பக்கம் ஒழுங்காக இருந்தது, பெயர் கண்ணியமாக இருந்தது, அடிக்குறிப்புகள் இருந்தன. அது போதுமாக இருந்தது. வரலாற்றறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருக்காமல், அதை விட்டு வெளியே போய், இந்தக் குழுவைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி, நிமிடங்களில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உலகின் மிகக் கடினமான சேர்க்கைகளில் ஒன்றைத் தாண்டி வந்த, பிறந்ததிலிருந்து கணினியோடு இருந்த பிள்ளைகளுக்கே இது தானாக வரவில்லை. சொல்லிக்கொடுத்தால் வருகிறது. சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் பெயர் பள்ளி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, எனக்கே மிகுந்த மரியாதை உள்ள மறுப்பு: மனப்பாடத்தை இழிவாகப் பேசாதே, அறிவு மனத்தில் இல்லாமல் எதை வைத்து யோசிப்பது என்பது. முழுக்க உண்மை. குருதி ஓட்டம் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் மாரடைப்பு பற்றிய வாட்ஸ்அப் மருத்துவக் குறிப்பைச் சந்தேகிக்க மாட்டார். சந்தேகம் வருவதற்கே கொஞ்சம் அறிவு வேண்டும். படித்ததைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது அறிவை ஆழப் பதிக்கிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டியிருப்பதும் உண்மை. ‘கூகுளில் இருப்பதை எதற்குப் படிக்க வேண்டும்’ என்று மேடையில் கேட்டுக் கைதட்டல் வாங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நம் மரபில் மனனம் எதற்காக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளிப் பிள்ளை எண்சுவடியைக் கீழ்வாயிலக்கம் என்னும் பின்ன வாய்பாட்டோடு மனப்பாடம் செய்தது, அதை ஓலையில் திரும்ப எழுதிக் காட்டுவதற்காக அன்று. நெல் அளக்க, நிலம் அளக்க, வட்டி போட, கூலி பிரிக்க, முன்பின் பார்த்திராத கணக்கொன்று எதிரில் வந்தால் தாளும் மையும் இல்லாமல் நொடியில் தீர்க்க அந்த மனனம் கருவியாக இருந்தது. பின்னால் வந்த அச்சுப் பாடநூலும் எழுத்துத் தேர்வும்தான் மனனத்தைப் பயனிலிருந்து பிரித்து, மனனம் செய்ததை ஒப்பிப்பதையே படிப்பின் முடிவாக்கின. நான் கேட்பது மனனத்துக்குப் பழைய வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்பதைத்தான்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்குச் சில மாதிரிகள். கணக்குத் தாளில்: ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். ‘ஆண்டுக்கு 12 சதவீத வட்டி மட்டுமே, பன்னிரண்டு தவணை’ என்கிறது விளம்பரம். வட்டி 12,000 சேர்த்து மாதம் 9,333 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் அவர் கையில் சராசரியாக இருந்தது பாதியை ஒட்டிய தொகைதான். உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம். ‘விளம்பரம் சொல்லும் வட்டி சரியா? காரணம் காட்டுக’ என்று கேட்டால், தனிவட்டி சூத்திரமும் சராசரியும் தெரிந்த மாணவரால் அந்த 12 இருமடங்கை நெருங்குகிறது என்று காட்ட முடியும். கடன் செயலிகள் கைபேசிக்குள் வந்து கூவும் காலத்தில், இந்த ஒரு கேள்வி எத்தனை வீட்டுக்குப் பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: மேட்டூர் அணை நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு கற்பனைப் பட்டை வரைபடம். முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் 118லிருந்து 114க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் செங்குத்து அச்சு 110இல் தொடங்குவதால், பார்க்கிறவருக்கு அணை பாதி காலியானதுபோல் தெரிகிறது. மேலே ‘அணையில் பாதித் தண்ணீர் மாயம்’ என்று தலைப்பு. ‘இந்தத் தலைப்பை இந்த வரைபடம் நிறுவுகிறதா?’ என்று மூன்று மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். அடிக்கும் டிஎம்சிக்கும் நேர்விகிதம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதும் மாணவருக்கு இன்னும் ஒன்று கொடுக்கலாம்.

சமூக அறிவியலில் வேலூர்ப் புரட்சியின் காரணங்களை வரிசையாக எழுதச் சொல்வதற்குப் பதிலாக, 1806 ஜூலை 10 அன்று நடந்தது பற்றிக் கம்பெனித் தரப்பு அதிகாரி ஒருவரின் பார்வையில் ஒரு பத்தியும், சிப்பாய்கள் தரப்பு நியாயத்தைச் சொல்லும் ஒரு பத்தியும் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகும் தகவல் எது, முரண்படுவது எது, முரண்பாட்டைத் தீர்க்க வேறு எந்த ஆவணத்தைத் தேடுவாய் என்று கேட்கலாம். காரணங்கள் தெரியாதவரால் இதற்கு விடை எழுத முடியாது. காரணங்கள் மட்டும் தெரிந்தவராலும் முடியாது. உயிரியலில், ‘அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று தொடங்கி ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்று முடியும் ஒரு செய்தியைக் கேள்வித்தாள் அமைப்பவரே இயற்றிக் கொடுத்து, இதை நம்புவதற்கு முன் தெரிய வேண்டிய மூன்று விவரங்களைக் கேட்கலாம். தமிழ்த் தாளில் ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு செய்திக் குறிப்புகளில், எந்தச் சொல் தகவலைச் சொல்கிறது, எது எழுதியவரின் சாய்வைச் சொல்கிறது என்று பிரிக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் தேர்வறையில் இணையம் வேண்டாம், கணினி வேண்டாம். டென்மார்க் 2009இல் 14 பள்ளிகளின் இறுதித் தேர்வில் இணையத்தையே அனுமதித்துப் பார்த்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை. பேனாவும் தாளும் போதும்.

இரண்டாவது மறுப்புதான் மற்றெல்லாவற்றையும்விடக் கனமானது. மனப்பாடத் தேர்வு ஏழைப் பிள்ளைக்கு ஏணி. பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு, கோச்சிங் இல்லாமல், உழைப்பால் மட்டும் மேலே வர அது வழி கொடுக்கிறது. யோசிக்க வைக்கும் கேள்வி என்ற பெயரில் நகரத்துப் படித்த வீட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடாதே என்பார்கள். நுழைவுத்தேர்வை 2006இல் சட்டம் போட்டு நீக்கிய மாநிலம் இது. 2017இல் நீட் வந்து அரசுப் பள்ளி மாணவரை மருத்துவக் கல்லூரி வாசலிலிருந்து தள்ளியதையும், அதைச் சரிக்கட்ட 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தேவைப்பட்டதையும் பார்த்த மாநிலம். இந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீட் செய்த அநீதி, ஒன்றைக் கற்பித்துவிட்டு வேறொன்றைச் சோதித்தது. அதுவும் விலைக்குக் கிடைக்கும் பயிற்சியால் மட்டுமே எட்டக்கூடியதைச் சோதித்தது. நான் கேட்பதில் வாசிக்க வேண்டிய பொருள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் தமிழிலேயே இருக்கிறது. இதற்கும் கோச்சிங் கடைகள் முளைக்கும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பத்திகளை ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லித்தர ஒரு கிராமத்துத் தமிழாசிரியருக்கு எந்தக் கடையின் உதவியும் வேண்டியதில்லை. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். படித்த பெற்றோரின் பிள்ளை, ‘இதை யார் சொன்னது, எங்கே படித்தாய்’ என்ற கேள்வியைச் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டு வளர்கிறது. அந்தப் பேச்சு நடக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. பள்ளியும் அதை ஒதுக்கிவிட்டால், ஏணியில் ஏறி மேலே போன பிறகு கல்லூரியிலும் வேலையிலும் அந்தப் பிள்ளை தடுமாறும்போது, ‘இவர்களுக்குத் திறமை இல்லை’ என்று பழி வேறு வந்து சேர்கிறது.

மெல்லக் கற்கும் மாணவர் என்னாவார் என்று உங்களில் பலர் கேட்பீர்கள். குறைந்தபட்சக் கற்றல் கையேட்டை வைத்து அவரை 35க்குக் கொண்டுவர எத்தனை மாலை வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் இத்தகைய கேள்விகளுக்கு நூற்றுக்குப் பதினைந்து மட்டும் கேட்கிறேன். மீதி எண்பத்தைந்தில் 35 எடுக்கும் வழி இன்றிருப்பதுபோலவே இருக்கும். ஆட்டம் காண்பது மேல்தட்டில்தான்: சென்டம் எண்ணிக்கை குறையும், பள்ளி வாசலில் கட்டும் பிளக்ஸ் பேனர் கொஞ்சம் சுருங்கும். அதில் இழப்பு யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. பொறியியல் கலந்தாய்வில் ஒரே கட்ஆஃபில் பலர் குவிந்து, கணக்கு மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் பிரியாமல், கடைசியில் சமவாய்ப்பு எண்ணை எடுத்து இடத்தை முடிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அதிர்ஷ்ட எண்ணைவிட ஒரு நல்ல கேள்வி நியாயமானது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது.

முயன்று பார்த்தோம், நடக்கவில்லை என்றும் சொல்லலாம். 2018இல் புதிய பாடத்திட்டத்தோடு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்கூட்டிச் சொல்லும் ப்ளூபிரிண்ட் கைவிடப்பட்டு, பாடத்தின் உள்ளேயிருந்து கேள்விகள் வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். தேர்வு முடிந்த பத்தாவது நிமிடம் பள்ளி வாசலில் மைக்கோடு நிற்கும் தொலைக்காட்சி, ‘கேள்வி கஷ்டமா?’ என்று கேட்கிறது. ‘க்ரியேட்டிவ் கேள்வி வந்துவிட்டது’ என்று ஒரு மாணவி கண்கலங்கினால் மாலைக்குள் போனஸ் மதிப்பெண் கோரிக்கை கிளம்பிவிடுகிறது. இந்த அழுத்தத்தில் யார்தான் துணிந்து புதுக் கேள்வி அமைப்பார்கள்? ஆனால் அன்று கேட்கப்பட்டவற்றில் பல, பாடநூலின் மூலையில் ஒளிந்திருந்த வரியைத் தோண்டி எடுத்தவை. யோசனையைச் சோதிக்காமல், இன்னும் நுணுக்கமான மனப்பாடத்தையே கோரியவை. மாணவர்கள் அழுததில் நியாயம் இருந்தது. சிபிஎஸ்இயும் ஒருமுறை தோற்றது. 2014இல் கொண்டுவந்த திறந்த பாடப்பகுதி மதிப்பீட்டில், பகுதிகளை மாதக்கணக்கில் முன்பே பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு எதிர்பார்க்கக்கூடிய கேள்விகளும் விடைகளும் தயாராகி, அவையும் மனப்பாடமாகின. மூன்றே ஆண்டில் அது கைவிடப்பட்டது. பிறகு அதே சிபிஎஸ்இ, பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும் வினாக்களின் பங்கைப் படிப்படியாகக் கூட்டி, 2024-25இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் 50 விழுக்காடாக்கியிருக்கிறது. பகுதியை முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது, கேள்வியின் வகையை மட்டும் முன்கூட்டிப் பழக்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். ஒவ்வொரு தாளிலும் பதினைந்து மதிப்பெண், மாணவர் முன்பு பார்த்திராத ஒரு பகுதியையோ அட்டவணையையோ படத்தையோ படித்து, பாடத்தில் கற்றதைக் கொண்டு எடைபோடும் கேள்விகளுக்கு. இதை இன்றே அறிவித்து, இப்போது எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது நடைமுறைக்குக் கொண்டுவரலாம். அதற்குள் பாடத்துக்கு நாற்பது மாதிரி வினாக்களாவது பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் பழகியிருக்க வேண்டும். முடிவு எடுக்கும் அதிகாரம் அரசுடையது என்பது தெரியும். ஆனால் மாதிரி வினாக்களை எழுதிக் காட்டி, இது முடியும் என்று நிரூபிக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

கடைசியாக, திருத்துவது. எட்டொன்பது லட்சம் மாணவர்களின் விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்தி முடிக்கும் முகாம்களில், விடைக்குறிப்பில் இல்லாத சொல்லுக்கு மதிப்பெண் போட ஆசிரியர்கள் தயங்குவார்கள். மறுமதிப்பீட்டில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் நியாயமானது. எனவே அந்தப் பதினைந்து மதிப்பெண்ணுக்கான விடைக்குறிப்பில் ஒரே ஒரு விடையைத் தராமல், எந்தெந்தக் காரணம் இருந்தால் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். பொருத்தமான காரணத்தோடு வரும் வேறு விடைக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று எழுத்தில் சேருங்கள். முகாம் தொடங்கும் அன்று, முதன்மைத் தேர்வாளர்களுக்கும் கூர்ந்தாய்வு அலுவலர்களுக்கும் முன்னோட்டத் தேர்வில் மாணவர்கள் எழுதிய பத்துப் பன்னிரண்டு விடைகளை, போட்ட மதிப்பெண்ணோடும் போட்டதற்கான காரணத்தோடும் கொடுத்து, அரை நாள் உட்கார்ந்து பேசவிடுங்கள். அந்த அரை நாளுக்கு உழைப்பூதியமும் கேட்டு வாங்குங்கள்.

மதிப்புடன்,
ஒரு கட்டுரையாளர்